கை ஆட்டாத சொல்தா

அவர் பஸ்ஸுக்குக் கை காட்ட மாட்டார். அம்பகரத்தூர் பக்கம் அவர் மனைவி வழியில் வந்த கொஞ்சம் நிலம் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது நிறுத்தத்தில் மற்றவர்களோடு நிற்பார். காரைக்கால் பஸ் தூரத்தில் தெரிந்ததும் எல்லாரும் கையை நீட்டுவார்கள், துண்டை வீசுவார்கள். இவர் மட்டும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நடுரோட்டுக்குப் போய் நின்றுவிடுவார். பஸ் அவருக்கு இரண்டடி முன்னால் வந்து நிற்கும். டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யோவ் பெரியவரே, கையக் காட்டுனா தேஞ்சா போயிடும்?" என்பார். "காட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல ஏறி டிக்கெட் வாங்குவார். அந்த பஸ்ஸில் நான் இரண்டு முறை இருந்திருக்கிறேன். இரண்டு முறையும் அவரைத் தெரியாதவன்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஊரில் அவரை சொல்தா என்றார்கள். பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் எல்லாருக்கும் எங்கள் ஊரில் அதுதான் பெயர். நேரில் பேசும்போது முசே, பிரெஞ்சில் ஐயா. அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது, மாதா கோயில் புத்தகத்தில் எழுதியும் இருக்கும். அதை நான் சொல்லப்போவதில்லை. பெயரைச் சொல்லி எழுதுவது அவருக்குப் பிடிக்காது.

மற்ற சொல்தாக்கள் சாயங்காலம் கூடினால் யுத்தக் கதை சொல்வார்கள். ஒரே பாலத்தை மூன்று பேர் மூன்று விதமாகப் பிடிப்பார்கள். இவரிடம் யுத்தக் கதையே கிடையாது. பட்டாளத்து ஹெலிகாப்டரில் கயிற்றில் இறங்குகிற ஆள் இவர். பிரான்சின் மேற்குக் கடலில் படகு கவிழ்ந்தால், கப்பல் தீப்பிடித்தால் ஹெலிகாப்டர் போகும், இவர் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி ஆளைத் தூக்கி வருவார். பதினோரு வருஷம் அந்த வேலை. "எத்தனை பேரைக் காப்பாத்தினீங்க முசே?" என்று யாராவது கேட்டால், "தண்ணி குளிரா இருக்கும்" என்பார். அதோடு பேச்சு முடிந்தது.

கை விஷயத்துக்கு வருகிறேன். முன்னாள் சிப்பாய்கள் சங்கத்தில் ஒரு தீர்மானம் வந்தது. ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் தலைவர். எல்லாக் கையும் மேலே போனது. இவர் எழுந்து நின்று, "எனக்குச் சம்மதம்" என்று வாயால் சொன்னார். கையைத் தூக்கினால்தான் கணக்கு என்றார்கள். அப்படியானால் என்னைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார்.

அவர் மனைவிக்கு வாய்த்துடுக்கு. "கொடியில துணி காயப்போடச் சொன்னாக்கூட, நான் கை தூக்க மாட்டேன்ல, மறந்துட்டியான்னு கேப்பாரு. நல்ல கொள்கைதான், உடம்பு நோகாத கொள்கை" என்று என் உம்மாவிடம் சொல்லிச் சிரிப்பார். உண்மையில் அவர் வீட்டு வேலையெல்லாம் செய்வார். தென்னை மட்டை இழுப்பார், ஓடு மாற்றுவார். கையை உயர்த்தி ஆட்டுவது ஒன்றுதான் ஆகாது.

சிரிக்க முடியாத சமயமும் இருந்தது. அவருடைய ஒரே மகள் கல்யாணமாகிப் பிரான்சுக்குப் போனாள். காரைக்கால் ஸ்டேஷனில் பேரளம் போகிற ரயிலில் ஏற்றிவிட இருபது பேர் வந்திருந்தோம். ரயில் நகர்ந்ததும் பத்தொன்பது பேர் கையை ஆட்டினோம். அவர் கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றார். பெண் ஜன்னலில் தலையை வைத்து, "அப்பா, ஒரு தடவ" என்று கெஞ்சினாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். ரயில் வளைவில் மறைகிற வரைக்கும் அந்தப் பெண் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அன்று அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இது என்ன மனுஷன் என்று நினைத்தேன்.

நான் அப்போது கடல்தொழில் சம்பந்தப்பட்ட ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். மேலே ஓர் அதிகாரி, கீழே நான், எனக்கும் கீழே காத்தாயி. பட்டினச்சேரியிலிருந்து நடந்து வந்து கூட்டிப் பெருக்கி, தண்ணீர் பிடித்து வைத்து, டீ வாங்கி வருவாள். அவள் புருஷன் மாரிமுத்து விசைப்படகில் போகிறவர். எனக்கு நல்ல மீன் எப்போதும் அந்த வீட்டிலிருந்துதான் வரும். "பாய், இது உங்க உம்மாவுக்கு. அதிகாரிக்கு வேற தனியா வச்சிருக்கேன், சின்னது" என்பாள்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு புயலுக்குப் பிறகு கிளிஞ்சல்மேட்டுப் படகு ஒன்று திரும்பவில்லை. ஐந்து பேர். நாங்கள் பாண்டிக்குச் செய்தி அனுப்ப, பாண்டி மெட்ராஸுக்கு அனுப்ப, மெட்ராஸ் பட்டாளத்தைக் கேட்க, மூன்றாம் நாள்தான் ஹெலிகாப்டர் வந்தது. ஊர் அதற்கு முன் ஹெலிகாப்டரைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. தேடுவதற்காகவே போயிருந்த பத்துப் பதினைந்து படகுகளும் அதைப் பார்த்துக் கையை ஆட்டின. கரையில் நின்ற பெண்கள் முந்தானையை வீசினார்கள், பிள்ளைகள் குதித்தார்கள். ஹெலிகாப்டர் கை ஆட்டிய ஒவ்வொரு படகின் மேலேயும் தாழ வந்து, பார்த்து, இது இல்லை என்று அடுத்ததற்குப் போனது.

சொல்தாவை அன்று கரையில் பார்த்தேன். கூட்டத்துக்குள் புகுந்து ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டிருந்தார். "கையக் கீழ போடுங்க, ஆட்டாதீங்க, அவன் ஏமாந்து போறான்" என்று கத்தினார். ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுத்ததும் அவளுடைய அண்ணன் வந்து இவரை மணலில் தள்ளிவிட்டான். எழுந்து மணலைத் தட்டாமல் அடுத்த ஆளின் கையைப் பிடித்தார். பைத்தியம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் தீர்ந்து ஹெலிகாப்டர் வடக்கே திரும்பிவிட்டது.

மறுநாள் நாகப்பட்டினத்துப் படகுகள் அந்த ஐவரில் ஒருவரை மட்டும் உயிரோடு கொண்டுவந்தன. அவர் சொன்னார்: "தூரத்துல வந்துச்சு பாய். ஒரு படகு மேல சுத்துச்சு, அப்புறம் இன்னொண்ணு. அடுத்து எங்ககிட்டதான்னு பார்த்துக்கிட்டே இருந்தோம். திரும்பிடுச்சு." அதைக் கேட்டபோது சொல்தாவும் பக்கத்தில் இருந்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிறகு ஒருநாள் எங்கள் அலுவலகத்தில் ஏதோ கையெழுத்துக்காக வந்தவர், கேட்காமலே என்னிடம் சொன்னார். பிரான்சில் ஒரு நாள் ஓர் உல்லாசப் படகில் நாலைந்து பேர் கையை ஆட்டியிருக்கிறார்கள். ஆபத்து என்று இவர் இறங்கியிருக்கிறார். அவர்கள் சும்மா வணக்கம் சொன்னார்களாம், குடிக்கிறாயா என்று கிளாஸை நீட்டினார்களாம். இவரைத் திரும்ப மேலே இழுக்கப் பிடித்த நேரத்தில், கொஞ்சம் தள்ளி ஒரு மீன்பிடிப் படகு முழுகிவிட்டது. "எவ்வளவு நேரம் முசே?" என்றேன். "ஏழு நிமிஷம்" என்றார். அவர் தன்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்ட கதை அது ஒன்றுதான்.

அந்த வருஷமே அவர் கிளிஞ்சல்மேட்டுப் பஞ்சாயத்துக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்து அதே வெள்ளைச் சட்டையோடு போய்ப் பஞ்சாயத்தார் முன்னால் நின்றார். ஹெலிகாப்டர் வந்தால் ஆபத்தில் இல்லாதவர்கள் எல்லாரும் உட்கார்ந்துவிட வேண்டும், கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆபத்தில் இருக்கிறவன் மட்டும் எழுந்து நின்று இரண்டு கையையும் மேலே தூக்கி, மெதுவாக இறக்கி, மறுபடி தூக்க வேண்டும். இவ்வளவுதான் அவர் கேட்டது. முதலில் சிரித்தார்கள். பிழைத்து வந்த அந்த ஒருவர் கூட்டத்தில் எழுந்து, "அவரு சொல்றதக் கேளுங்க" என்றார். பஞ்சாயத்து தீர்மானம் போட்டது. வேடிக்கைக்கு ஹெலிகாப்டரைப் பார்த்துக் கை ஆட்டுகிறவன் மாரியம்மன் கோயிலுக்கு ஒரு படி விளக்கெண்ணெய் கொடுக்க வேண்டும். பிள்ளை ஆட்டினால் அப்பன் கொடுக்க வேண்டும். பட்டினச்சேரியும் அதையே எடுத்துக்கொண்டது. ஒரு கிறிஸ்தவர் பேச்சால் மாரியம்மனுக்கு அந்த வருஷம் விளக்கு நன்றாக எரிந்தது என்று காத்தாயி கிண்டல் பண்ணுவாள். அவள் வீட்டிலிருந்தே இரண்டு படி போயிருந்தது.

பட்டாளத்துக்காரர்களுக்கும் அவரே சொன்னார். அடுத்த முறை ஹெலிகாப்டர் எங்கள் ஊர் மைதானத்தில் இறங்கியபோது நேராகப் போய் விமானியிடம் அரைகுறை இங்கிலீஷில் விளக்கினார். அந்த மனிதர் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நீ எந்தப் படையில் இருந்தாய் என்று கேட்டு, ஒரு சல்யூட் வைத்து, சட்டைப்பையில் இருந்த சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். அவர் மாற்றலாகிப் போகும்போது அடுத்தவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது. எங்கள் அலுவலகக் கோப்பு எதிலும் அது ஏறவில்லை. நாங்களும் ஏற்றவில்லை.

அது பலித்ததை நான் கண்ணால் பார்த்தேன். மூன்று வருஷம் கழித்து ஒரு வாடைக்காலத்தில் இரண்டு பேரோடு ஒரு கட்டுமரம் காணாமல் போனது. ஹெலிகாப்டர் வந்தபோது நான் தேடப் போன ஒரு விசைப்படகில் இருந்தேன். கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்த அத்தனை படகிலும் ஆட்கள், பந்தியில் இலைக்கு முன்னால் உட்காருவதுபோல, அமைதியாக உட்கார்ந்தார்கள். யாரும் மேலே பார்க்கக்கூட இல்லை. ஹெலிகாப்டர் ஓரிடத்திலும் தயங்காமல் எங்களைத் தாண்டிப் போய் கிழக்கே ஒரு புள்ளியின் மேல் நின்றது. இரண்டு பேரையும் தூக்கிவிட்டார்கள். அன்று ஸ்டேஷனில் வந்த கோபம் அப்போதுதான் தீர்ந்தது.

எண்பதுகளின் நடுவில் ஒரு கடிதம் வந்தது. இனிமேல் எங்கள் பகுதிக் கடலில் தேடும் வேலையைப் பட்டாளம் செய்யாது, ஒரு தனியார் ஹெலிகாப்டர் கம்பெனி ஒப்பந்தத்தில் செய்யும். கடலில் எண்ணெய் தோண்டுகிற மேடைகளுக்கு ஆட்களை ஏற்றி இறக்க வந்த கம்பெனி அது. பட்டினம் தாண்டி ஒரு பொட்டலில் சிமெண்டு போட்டு வட்டம் வரைந்து வைத்திருந்தார்கள். உள்ளதைச் சொல்ல வேண்டும், ஏற்பாடு நல்ல ஏற்பாடு. பட்டாளம் வர மூன்று நாள் ஆகும். இவர்கள் போன் போட்ட அரை மணியில் கடலுக்கு மேல் இருப்பார்கள். ஊரில் சந்தோஷப்பட்டவர்கள்தான் அதிகம்.

சொல்தாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. "ஒப்பந்தக்காரன் மணியப் பார்ப்பான். ரெண்டு மணி நேரம்னு எழுதியிருந்தா ரெண்டு மணி நேரம். அதுக்கப்புறம் தண்ணியில கெடக்குறவன் யாரு, அவன் எவன்?" என்றார்.

"நீங்க மட்டும் சும்மாவா பறந்தீங்க? மாசாமாசம் வாங்குறீங்களே, அது என்னவாம்?" என்றார் அவர் மனைவி.

"நான் திரும்பி வருவேன்னு சொல்ல முடியாது. ஆனா போக மாட்டேன்னு சொல்ல எனக்கு உரிமை கெடையாது. அதுதான் பட்டாளம்."

"பறக்குறவன் எவனா இருந்தா என்ன, ஆளக் கொண்டாந்தா சரி" என்று அந்த அம்மாள் உள்ளே போய்விட்டார்.

பொறுப்பை மாற்றிக் கொடுக்க எங்கள் அலுவலகத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். சொல்தாவும் வந்து அனுபவத்தைச் சொல்ல வேண்டும் என்று அதிகாரி விரும்பினார். கடிதம் கொண்டுபோனவன் நான். அவர் வாசலில் உட்கார்ந்து ஜன்னல் கதவுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். கடிதத்தைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பட்டாளத்துக்காரன் கேட்டா சொல்லுவேன். கம்பெனிக்காரனுக்கு நான் எதுக்கு? எல்லாம் ஒப்பந்தத்துல எழுதியிருக்கும்ல, படிச்சிக்கட்டும்."

"அரை மணி நேரந்தான் முசே."

"வரலன்னு சொல்லுங்க."

மறுபடி கேட்டால் பெயிண்ட் பிரஷ்ஷை என்மேல் வீசுவாரோ என்று இருந்தது. திரும்பி வந்து, அவருக்குக் காய்ச்சல் என்று அதிகாரியிடம் சொன்னேன். அவர் பெயர் கெட வேண்டாம் என்பதற்காகச் சொன்ன பொய் அது. கூட்டம் ஒன்றரை மணி நேரம் நடந்தது. கம்பெனி மேனேஜர் சின்ன வயதுக்காரர், மரியாதையானவர், வடக்கத்தியார். யார் யாருக்குப் போன் செய்வது, எந்தப் படிவத்தில் அறிக்கை தருவது, எந்த அளவுக்குத் தேடுவது என்று எல்லாம் பேசினார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். காத்தாயி டீ கொண்டுவந்து வைத்தாள்.

நாலாவது மாதத்தில் மாரிமுத்து போன படகு திரும்பவில்லை. நாலு பேர். காத்தாயி காலையில் வந்து விளக்குமாற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, பெருக்காமலே நின்றாள். "நேத்து வரவேண்டியவரு பாய்" என்றாள். உடனே போன் போட்டேன். சொன்னபடி அரை மணியில் ஹெலிகாப்டர் கிளம்பியது. மதியத்துக்குள் கம்பெனியிலிருந்து அறிக்கை வந்துவிட்டது. முதல் பக்கத்தில் நாலு வரி. தேடிய படகு கிடைத்தது, கரையைப் பார்த்து இருக்கிறது, நால்வரும் நலம், தேடல் முடிந்தது. பின்னால் இரண்டு பக்கம் இணைப்பு. நான் முதல் பக்கத்தைப் படித்துவிட்டுக் கோப்பில் போட்டேன். "எல்லாரும் நல்லா இருக்காங்களாம் காத்தாயி. இஞ்சினு கோளாறு ஏதாவது இருக்கும், வந்துடுவாங்க" என்றேன். அவள் கடைக்கு ஓடிக் கற்கண்டு வாங்கி வந்து எல்லா மேஜையிலும் வைத்தாள்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நலம் என்று எழுத்தில் இருந்ததால் எங்கள் யாருக்கும் பயம் வரவில்லை, காத்தாயியைத் தவிர. மூன்றாம் நாள் காலை சொல்தா அலுவலகத்துக்கு வந்தார். பட்டினச்சேரியில் கேள்விப்பட்டு வந்திருந்தார்.

"அந்தக் காகிதத்தக் கொடுங்க" என்றார்.

கொடுத்தேன். முதல் பக்கத்தைப் புரட்டி இணைப்புக்குப் போனார். விரலை ஒரு வரியில் வைத்து, "இத வாசிங்க" என்றார். வாசித்தேன். படகில் இருந்த நால்வரும் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் பல முறை உயர்த்தி எங்களை வரவேற்றார்கள் என்று எழுதியிருந்தது.

அவர் சத்தம் போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து இடத்தைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் என்று கேட்டார். பிறகு எழுந்தார். அலுவலக ஜீப்பில் கம்பெனிக்குப் போனோம். மேனேஜரிடம் அவர் மூன்று வாக்கியம் பேசினார். அந்த இளைஞரின் முகம் வெளுத்துவிட்டது. மேடைக்குப் போகிற வழியில் தெற்கே எல்லாப் படகும் தினமும் கை ஆட்டும், இதுவும் அப்படித்தான் என்று எங்கள் பையன்கள் நினைத்துவிட்டார்கள் என்றார். ஒப்பந்தப்படி அந்த வேலை முடிந்துவிட்டது, ஆனாலும் ஏறுங்கள் என்று அவரே ஹெலிகாப்டர் கதவைத் திறந்துவிட்டார். மணியைப் பார்க்கவில்லை. அதைச் சொல்தாவும் கவனித்திருப்பார்.

இரண்டு மணி நேரம் போல் தெற்கே தேடி, நீரோட்டம் கொண்டுபோயிருந்த இடத்தில் படகைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஹெலிகாப்டரில் கயிறு கிடையாது. எண்ணெய் மேடைக்குச் சாமான் கொண்டுபோகிற கப்பல் ஒன்றை ரேடியோவில் கூப்பிட்டார்கள், அது வந்து ஏற்றிக்கொண்டது. மூன்று பேருக்கு உயிர் இருந்தது. நால்வரில் மூத்தவர் மாரிமுத்து அன்று காலையில்தான் போயிருந்தார்.

பிழைத்தவர்களில் ஒருவன் ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னது இது: "எலிகாப்டர் மேல வந்து சுத்துச்சுங்க. நாங்க முறைப்படி எந்திரிச்சுக் கையத் தூக்குனோம். உள்ள இருந்த ஆளும் பதிலுக்குக் கைய ஆட்டுனாரு. சரி, பார்த்துட்டாங்க, கப்பல் அனுப்பப் போயிருக்காங்கன்னு நெனச்சோம். மிச்சம் இருந்த தண்ணிய மாரிமுத்தண்ணன்தான் நாலு பேருக்கும் பிரிச்சுக் கொடுத்தாரு. இனிமே எதுக்குடா சேத்து வைக்கணும், குடிங்கடான்னாரு."

பின்னால் நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சொல்தா அரைப் பக்கத்துக்கு ஒரு குறிப்புச் சொல்ல, நான் டைப் அடித்தேன். அது எங்கள் கோப்பிலும் கம்பெனி சுவரிலும் ஏறியது. புதிய விமானி வந்தால் இவர் சைக்கிளில் போய், அந்தச் சிமெண்டு வட்டத்தின் நடுவில் நின்று, இரண்டு கையையும் தூக்கி இறக்கிக் காட்டிவிட்டு வருவார். பிறகு யாரும் அந்தக் கடலில் அப்படிச் சாகவில்லை. தனியாருக்குக் கொடுத்தது தப்பு என்று அதற்குப் பிறகு அவர் வாயால் நான் கேட்டதில்லை. யாராவது சொன்னால், "தப்பு அதுல இல்ல" என்று எழுந்து போய்விடுவார்.

மாரிமுத்துவின் காரியம் முடிந்த மறுநாள் என்னை வரச் சொன்னார். இருவரும் பட்டினச்சேரிக்குப் போனோம். காத்தாயி நாற்காலி எடுத்துப் போட்டாள். நான் உட்கார்ந்தேன், அவர் உட்காரவில்லை.

"உங்க ஆபீஸ்ல அந்தக் கூட்டத்துக்கு என்னக் கூப்பிட்டாங்கம்மா" என்றார். "எனக்குக் காய்ச்சல்னு பாய் சொன்னது பொய். எனக்கு ஒண்ணுமில்ல. கம்பெனிக்காரன்கூடப் பேச எனக்கு இஷ்டமில்ல, அதனால வரல. வந்து சொல்லியிருந்தா முத நாளே நாலு பேரையும் கொண்டாந்திருப்பாங்க. உன் புருஷன் செத்ததுக்கு நான் காரணம். இத நீ வேற யார் சொல்லியும் கேட்கக் கூடாதுன்னு வந்தேன்."

காத்தாயி சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள்.

"என்ன சொல்லியிருக்கணும் முசே?"

"ரெண்டு கையையும் தூக்குனா ஆபத்துன்னு சொல்லணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு நிமிஷம்" என்றார்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன், இல்லாவிட்டால் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு நான்தான டீ கொண்டாந்தேன் பாய். நான் கிளாஸ எடுக்க வந்தப்ப அந்தக் கம்பெனித் தம்பி எல்லாரு மூஞ்சியையும் பார்த்து இங்கிலீஷ்ல என்னமோ கேட்டாரு. கேட்டுட்டு ரொம்ப நேரம் காத்துக்கிட்டு இருந்தாரு. யாரும் வாயத் தெறக்கல. என்ன கேட்டாரு?"

சொல்தா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"இந்தக் கடற்கரையில எங்களுக்குத் தெரியாத வழக்கம் ஏதாவது இருக்கான்னு கேட்டாரு" என்றேன்.

"அதையா கேட்டாரு" என்றாள் காத்தாயி. சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். "புரிஞ்சிருந்தா நானே சொல்லியிருப்பேன் பாய். எனக்கு இங்கிலீஷ் தெரியாமப் போச்சு."

எனக்கு இங்கிலீஷ் தெரியும்.